யார் போனாலும் 200: பி.எஃப்.ஆர். பயிற்சியில் நான் ஏமாந்த கதை

முழங்கால் ஜவ்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் வலது தொடை சூம்பிப்போனது. பெரிய எடை தூக்கக் கூடாது, ஆனால் தசை ஏற வேண்டும். அதற்குத்தான் பி.எஃப்.ஆர்., அதாவது ‘பிளட் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்‌ஷன்’. தொடையின் மேற்பகுதியில் பட்டையைக் கட்டிக் காற்றடித்து, ரத்த ஓட்டத்தை ஓரளவு மட்டுப்படுத்திக்கொண்டு, அதிகபட்சமாகத் தூக்க முடிகிற எடையில் 20 முதல் 30 சதவீதம் மட்டும் வைத்துச் செய்கிற பயிற்சி. முறையில் எனக்குக் குறையே இல்லை. நான் போய்ச் சேர்ந்த இடம்தான் சரியில்லை.

“உங்க உடம்புக்கு ஏத்த அழுத்தத்தை மெஷினே கணக்குப் போட்டுக்கும்” என்றார்கள். நம்பி 12 நாளுக்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் கட்டினேன். முதல் நாள் பட்டையைச் சுற்றி ஒரு பொத்தானை அழுத்தினார்கள், அழுத்தம் 200 மி.மீ. பாதரசத்தில் போய் நின்றது. இரண்டாவது சுற்று முடிவதற்குள் பாதம் வெளுத்து, விரல்கள் மரத்துவிட்டன. “அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.” நானும் பொறுத்துக்கொண்டேன். அறுவை சிகிச்சையையே தாங்கியவனுக்கு இது என்ன என்று ஒரு வீறாப்பு!

ஐந்தாவது நாள்தான் பக்கத்துப் படுக்கையைக் கவனித்தேன். ஒல்லியான ஒரு பெண், கையில் பட்டை. திரையில் 200. எதிரே என்னைப்போல் இரு மடங்கு தொடை உள்ளவர். அவருக்கும் 200. கேட்டால், “ஆட்டோ செட்டிங்.” அன்று இரவு தூங்கப்போகும்போதும் தொடையில் பட்டையின் தடம் பள்ளமாக இருந்தது. கட்டைவிரல் மறுநாள் காலையில்தான் உணர்வுக்கு வந்தது.

பயந்துபோய் வேறொரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். காலில் எப்போதாவது ரத்தம் கட்டியிருக்கிறதா, நரம்புச் சுருட்டல் உண்டா, பிரஷர் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முதல் இடத்தில் கேட்டது என் போன் நம்பரை மட்டும். அப்புறம் உள்கணுக்காலுக்குப் பின்னால், ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை வைத்தார். ‘உஷ்... உஷ்...’ என்று நாடி ஓடுகிற சத்தம். பட்டையில் மெதுவாகக் காற்றேற்ற ஏற்ற அது தேய்ந்து, 160-இல் நின்றுபோனது. அதுதான் என் கால் தமனி முழுதாக அடைபடும் அழுத்தம்.

பயிற்சிக்கு வைக்க வேண்டியது இதில் ஒரு பங்குதான். காலுக்கு 60 முதல் 80 சதவீதம், கைக்கு 40 முதல் 50. எனக்கு அவர் 100-இல் ஆரம்பித்தார். “அப்போ 200 வச்சப்போ?” என்று கேட்டேன். “கீழே ரத்தமே போயிருக்காது.” அங்கேயும் ஏறக்குறைய இதே அகலப் பட்டைதான். சிரையில் திரும்புகிற ரத்தத்தைத் தடுக்க வேண்டும், தமனியில் கொஞ்சமாவது ஓட வேண்டும். அந்த நூலிழையில்தான் இந்தப் பயிற்சியே இருக்கிறது.

இந்த எண் ஆளுக்கு ஆள் மாறும். தொடை பருமன், ரத்த அழுத்தம், பட்டையின் அகலம் எல்லாம் சேர்ந்து தீர்மானிப்பது. குறுகிய பட்டைக்கு அழுத்தம் அதிகம் தேவை, அகலமானதற்குக் குறைவு. ஒரு பட்டையில் அளந்ததை இன்னொன்றுக்கு எடுத்துப்போக முடியாது. படுத்து அளந்தது நின்று செய்யும்போது பொருந்தாது. அதனால் உங்கள் காலில், உங்களுக்குக் கட்டப்போகும் பட்டையை வைத்தே யாராவது அளந்தார்களா என்று பாருங்கள். அளக்கவில்லையா, பட்டையைக் கழற்றச் சொல்லுங்கள்.

100 அழுத்தத்தில் 30, 15, 15, 15 தடவை என்று நான்கு சுற்றும் முடிக்க முடிந்தது, நடுவில் 30 விநாடி இடைவெளியோடு. தொடை திகுதிகுவென்று எரிந்தது, ஆனால் விரல் மரக்கவில்லை.

பழைய இடத்தில் மிச்சப் பணத்தைக் கேட்டேன். திருப்பித் தர மாட்டார்களாம். வேண்டுமானால் மீதி ஏழு நாளையும் கைப் பயிற்சிக்கு மாற்றித் தருகிறார்களாம். அழுத்தம் எவ்வளவு என்று கேட்டேன். 200தான்.