சொட்டு விடுறதா, உப்பை சமமாக்கி நேரா விடுறதா? புது இறால், நத்தை வாங்குறவங்களுக்கு

என் கடல் தண்ணி மீன் டேங்குக்கு முதல் கிளீனர் இறாலை (மீன் மேல ஒட்டுண்ணிய பொறுக்கித் தின்னுற இறால்) வாங்கிட்டு வந்தப்போ எல்லாரும் சொல்ற மாதிரிதான் செஞ்சேன், பாக்கெட் தண்ணியோட இறாலை பக்கெட்ல விட்டு, ஏர் ட்யூப்ல ஒரு முடிச்சு போட்டு டேங்க் தண்ணிய செகண்டுக்கு ரெண்டு மூணு சொட்டுன்னு முக்கா மணி நேரம் அதுல விட்டு அப்புறம் டேங்க்ல போட்டேன், மறுநாள் காலைல பாறைக்கு கீழ மல்லாக்க கிடந்துச்சு. மிச்சம் வெச்சிருந்த பாக்கெட் தண்ணிய அப்புறமா அளந்து பாத்தா உப்பு அடர்த்தி 1.019, என் டேங்க் 1.026! உப்பு செலவும் குறையும், மீனுக்கு ஒட்டுண்ணியும் கம்மியா வரும்னு நிறைய கடைல உப்பை இறக்கித்தான் வெச்சிருப்பாங்க, அதே தண்ணில இறாலும் இருக்கும். தப்பு என்னுதுதான், அளக்காம ஆரம்பிச்சேன்.

சொட்டு முறை மோசம்னு சொல்லல. பக்கத்து கடைல வாங்கி அரை மணில வீடு வந்துட்டா, உப்பு வித்தியாசமும் 0.002க்குள்ள இருந்தா, தாராளமா பண்ணலாம். ஆனா கூரியர்ல ஒரு நாள் பூரா பாக்கெட்ல கிடந்து வந்ததுக்கு இது சரிவராது. மூடின பாக்கெட்ல கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஹெச் இறங்கியிருக்கும் (தண்ணி அமிலப் பக்கம் போயிருக்கும்), அதனால கழிவு அமோனியா பெருசா விஷமாகாம கிடக்கும், நீங்க பாக்கெட்ட திறந்ததும் அந்த கேஸ் வெளிய போயி பிஹெச் ஏறும், அமோனியா விஷமாகும், அந்த தண்ணிலயே ஒரு மணி நேரம் ஊற வெச்சுட்டு நாம பொறுமையா பண்றோம்னு நினைச்சுக்குவோம். போதாக்குறைக்கு மே மாசம் சென்னைல டேங்க் சில்லர்ல 26 டிகிரில இருக்கும், பக்கெட் ஹால்ல 32க்கு போயிடும்.

இன்னொரு வழி, தனியா ஒரு 40 லிட்டர் தொட்டி, ஸ்பான்ஜ் ஃபில்டர் போட்டது. பாக்கெட்டோட ஓரத்துல ஊசியால துளி தண்ணி எடுத்து ரிஃப்ராக்டோமீட்டர்ல (உப்பு அளக்குற கருவி) பாத்து, தொட்டி உப்பையும் அதே அளவுக்கு கொண்டு வந்துட்டு, சூடு சமமாக 20 நிமிஷம் மிதக்க விட்டு, உயிரை மட்டும் எடுத்து உள்ள விட்டுட்டு பாக்கெட் தண்ணிய சிங்க்ல ஊத்திடணும். அப்புறம் ஆவியாகுற தண்ணிக்கு பதிலா உப்பில்லாத ஆர்ஓ தண்ணி ஊத்தாம உப்புத் தண்ணி ஊத்துனா உப்பு நாளுக்கு கொஞ்சமா தானா ஏறும். நட்சத்திர மீனுக்கெல்லாம் இதுதான் சரி, வெளிய தண்ணி எப்படியோ அதுங்க உடம்புக்குள்ளயும் அப்படியே ஆயிடும், மீன் மாதிரி சமாளிக்க தெரியாது.

ஒண்ணு முக்கியம், எப்பவோ காப்பர் மருந்து ஊத்தின தொட்டின்னா இதுக்கு வேண்டவே வேண்டாம்.

டேங்க்ல விடுறதுக்கு முன்னாடி இந்தத் தனித் தொட்டில எத்தனை நாள் வெக்கணும்ங்கறதுலதான் சண்டையே. மீனுக்கு வர்ற வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி இறால்ல நத்தைல வாழாது, ஆனா அதோட கூடு ஓட்டுல ஒட்டிட்டு வரலாம், அதனால மீனே இல்லாத தொட்டில 76 நாள்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க. நத்தைக்கு நான் அதையே பண்றேன், ஓட்டை பிரஷ்ஷால தேய்ச்சுட்டு. கண்ணாடில இருக்கற பாசிய ஒரு வாரத்துல மேஞ்சு முடிச்சிடும், அப்புறம் நோரி தாளை (காயவெச்ச கடல்பாசி) கல்லுல ரப்பர் பேண்ட் போட்டு கட்டி வெக்கணும், இல்லன்னா பட்டினிலயே போயிடும். இறாலுக்கும் அதே 76தான், மனசு கேக்காட்டியும்.

ரெண்டாவது இறால் இப்போ 31வது நாள். போன வாரம் மூலைல வெள்ளையா, மீசை உள்பட அசையாம கிடந்துச்சு, போச்சுடான்னு வலைய விட்டு தூக்குனா வெறும் உரிச்சுப் போட்ட சட்டை, ஆளு ஃபில்டருக்கு பின்னாடி நின்னு மீசைய ஆட்டிட்டிருந்தாரு.