புடுவிலிருந்து நீடாமங்கலம் வரை: சமீபத்தில் பார்த்த சில படங்கள்

'அபாங் அடிக்' படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டேன், முதலில் தனியாக, அப்புறம் அம்மாவோடு. 2023இல் வந்த மலேசியப் படம். இயக்குநர் ஜின் ஓங், அவர் இயக்கிய முதல் படம் இது. தியேட்டருக்கு வந்தபோது நான் போகவில்லை. சீனப் படம், நமக்கு எதற்கு என்று ஒதுக்கிவிடுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு, எனக்கும் இருந்தது. அது எவ்வளவு பெரிய தப்பு என்று இந்தப் படம் காட்டிவிட்டது.

கதை நடப்பது கோலாலம்பூரின் புடுவில். நான் செந்தூல்காரி. செந்தூல் தீமோரில் எல்ஆர்டி ரயில் ஏறினால் ஹங் துவாவுக்கு அடுத்த நிலையம் புடு, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் தினமும் கண்ணில் படுகிற இடம். அங்கே ஒரு பழைய அடுக்குமாடியில் இரண்டு பேர். ரத்த உறவு கிடையாது, ஆனால் அண்ணன் தம்பியாகவே வளர்ந்தவர்கள். இந்த நாட்டில்தான் பிறந்தார்கள், கையில் அடையாள அட்டை மட்டும் இல்லை. அண்ணனுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. சந்தையில் உடம்பை வருத்தி உழைத்து, ஒழுங்காக இருந்தால் ஒருநாள் எல்லாம் சரியாகும் என்று நம்புகிறவன். தம்பிக்கு அந்த நம்பிக்கை எப்போதோ போய்விட்டது, குறுக்கு வழியில் காசு பார்க்கிறான். அண்ணனாக நடித்த வூ காங்-ரென் தைவான் நடிகர், இந்தப் படத்துக்காக 2023இல் தைவானின் தங்கக் குதிரை விருதில் சிறந்த நடிகர் விருது வாங்கியவர். விருதைப் பற்றித் தெரியாமல் பார்த்தாலும் அந்த மனிதரிடமிருந்து கண்ணை எடுக்க முடியாது.

இருவரும் சாப்பிட உட்காரும்போது அவித்த முட்டையை ஒருவர் தலையில் ஒருவர் தட்டி ஓடு உடைப்பார்கள். சின்ன வயதிலிருந்து வந்த விளையாட்டு என்று யாரும் விளக்க மாட்டார்கள், பார்த்தாலே தெரியும். பிற்பாடு சிறைக்குள் ஒரு துறவி ஆறுதல் சொல்ல வருகிறார். அப்போது அண்ணன் கையாலேயே கோபப்படுகிறான், கையாலேயே அழுகிறான். எனக்கும் பேச ஆசை, எனக்கும் மற்றவர்களைப் போல வாழ ஆசை என்று விரல்கள் வேகம் வேகமாக அடித்துக்கொண்டு போகின்றன. குரல் இல்லாமல் ஒருவன் கத்துவதை நான் இதற்கு முன் பார்த்ததே இல்லை. அம்மா திரையின் கீழே வரும் மலாய் எழுத்துகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தவர், அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டார்.

படம் முடிந்ததும் அம்மா எழுந்துபோய் அலமாரியில் இருந்த பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். உள்ளே பெரியம்மாவுடைய சிவப்பு ஐசியின் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுக்கும் அடையாள அட்டையின்) நகல், நான்காக மடித்து, மடிப்பெல்லாம் வெள்ளையாகத் தேய்ந்துபோய் இருந்தது. பெரியம்மா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர், பிரசவம் வீட்டிலேயே நடந்தது, பிறப்புப் பத்திரம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு எத்தனை கவுண்டர் ஏறி இறங்கினாலும், எத்தனை முறை மனு எழுதினாலும், கடைசிவரை சிவப்பு அட்டைதான். வயது முழுக்க இந்த மண்ணில் பால் வெட்டியவர் ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. "அந்தப் பையன் கையால கேக்கறதைத்தான் உங்க பெரியம்மா வாயால கேட்டுக்கிட்டே இருந்தா," என்றார் அம்மா. நம் சமூகத்தில் இப்படி எத்தனை குடும்பம் இருக்கிறது, நாம் ஏன் இதை இன்னும் படமாக எடுக்கவில்லை என்று எனக்கு அன்று இரவெல்லாம் அதே நினைப்பு.

இதே விஷயத்தை வேறு விதமாகச் சொன்ன படம் 'டூரிஸ்ட் ஃபேமிலி'. 2025 மே 1ஆம் தேதி, சூர்யாவின் 'ரெட்ரோ' வந்த அதே நாளில் வந்து, கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்ட படம். இயக்குநர் அபிஷன் ஜீவிந்த் இளைஞர், அவருக்கும் இது முதல் படம். இலங்கையில் பொருளாதார நெருக்கடி தாங்காமல் சசிகுமாரும் சிம்ரனும் இரண்டு பிள்ளைகளோடு படகேறி ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒரு குடியிருப்பில் ஒளிந்து வாழ்கிறார்கள். வாயைத் திறந்தால் ஈழத் தமிழ் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அதை மறைக்க வேண்டும். இந்த ஒரு விஷயமே எனக்குப் போதுமானதாக இருந்தது. பேச்சையே ஒளித்துவைத்து வாழ்வது சாதாரணக் காரியமா?

எங்கள் மாடியில் ஒரு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி இருக்கிறார். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே உத்தியோகத்துக்கு வந்த குடும்பம், செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அப்படி நிறையப் பேர் உண்டு. அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். சசிகுமார் பேசும்போது சிரித்துக்கொண்டே இருந்தார், "சில சொல்லு ஒட்டேல்லப் பிள்ளை, ஆனா மனுசன் நல்ல மனுசன்" என்றார். இந்தப் படத்தின் பலமும் அதுதான், எல்லோரும் நல்ல மனுசர்கள். அந்தக் குடியிருப்பில் ஒரு வயதான பெண்மணி இறந்துபோகிறார். பக்கத்து வீட்டுக் கதவைக்கூடத் தட்டாத சனங்கள், வந்து சில நாளே ஆன இந்தக் குடும்பத்தால் ஒன்றாகக் கூடுகிறார்கள். நானும் அழுதேன், ஆன்ட்டியும் அழுதார், பின்வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

குறை இல்லாமல் இல்லை. சந்திக்கிறவர்கள் எல்லாரும் ரொம்பச் சீக்கிரம் மனம் இளகிவிடுகிறார்கள். போலீஸ்காரர் இளகுகிறார், முதலாளி இளகுகிறார், சண்டைக்கார அண்டைவீட்டார் இளகுகிறார். பத்திரம் இல்லாதவனுக்கு உலகம் இவ்வளவு வேகமாகக் கதவு திறக்காது என்று பெரியம்மாவைப் பார்த்து வளர்ந்த எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தப் படத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'அபாங் அடிக்' பார்க்க வராத ஆன்ட்டியை இந்தப் படம் தியேட்டருக்கு வரவைத்தது, திரும்பும் வழியில் எல்ஆர்டியில் ஐசி இல்லாத பிள்ளைகளைப் பற்றிப் பேசவைத்தது. இரண்டு படமும் வேண்டும். ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் 'அபாங் அடிக்' பாருங்கள்.

அடுத்தது 'கொட்டுக்காளி'. 2024 ஆகஸ்ட் 23இல் வந்தது. அதே நாளில் மாரி செல்வராஜின் 'வாழை'யும் வந்தது, இரண்டையும் ஒரே வாரத்தில் பார்க்க அலைந்த கதை வேறு. 'வாழை' சரியான நேரத்தில், நல்ல ஹாலில் கிடைத்தது. வாழைத்தார் சுமக்கிற அந்தச் சிறுவனின் கழுத்து வலி எனக்கும் வந்தது, கடைசி அரைமணி நேரம் நெஞ்சை அடைத்தது, அதிகம் சொல்ல விரும்பவில்லை. 'கொட்டுக்காளி'க்குத்தான் பாடுபட வேண்டியிருந்தது. நான் தேடிய தியேட்டரில் ஒரு நாளைக்கு ஒரே காட்சி, அதுவும் இரவு பத்தரைக்கு. போனால் ஹாலில் ஒன்பது பேர். படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள், பக்கத்து ஹாலில் ஓடும் படத்தின் அடிதடி இங்கே கேட்கிறது. பின்னணி இசையே இல்லாத படம் இது! ஆட்டோ உறுமுவதும், பைக் ஓடுவதும், சேவல் சிறகடிப்பதும், காற்றும்தான் இதற்கு இசை. அதைக் குறைத்தால் என்ன மிச்சம்? எழுந்துபோய்ச் சொன்னேன். அந்தப் பையன் நல்ல பிள்ளைதான், "படத்துல மியூசிக் வரலக்கா, ஏதோ கோளாறுன்னு நெனச்சோம்" என்றான். சரிசெய்து கொடுத்தார்கள். அடுத்த வியாழன் புதுப்படங்கள் வந்ததும் அந்த ஒரு காட்சியும் போய்விட்டது. ஒரு நல்ல படத்துக்கு இந்த ஊரில் ஏழு நாள்கூடக் கிடைப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம் 'கூழாங்கல்', 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. வெயிலில் அப்பனும் மகனும் நடக்கிற அந்தப் படமும் பிடிக்கும், ஆனால் எனக்கு 'கொட்டுக்காளி' அதைவிட ஒரு படி மேல். மீனா வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். அது பேய் பிடித்த வேலை என்று குடும்பமே சேர்ந்து அவளை ஒரு சாமியாரிடம் கூட்டிப்போகிறது. ஆட்டோவில் பெண்கள், பைக்கில் ஆண்கள், கூடவே பலிகொடுக்க ஒரு சேவல். கட்டிக்கப் போகிற பாண்டியாக சூரி, தொண்டை கட்டிக் கரகரத்த குரலில் பேசிக்கொண்டே வருகிறார். மீனாவாக நடித்த அன்னா பென் பேசுவதே அபூர்வம். வழியில் எங்கோ ஓடுகிற பாட்டை அவள் மெல்ல முணுமுணுக்கிறாள், அவ்வளவுதான், அதற்குப் பாண்டி ஆடுகிற ஆட்டம் இருக்கிறதே! அவளை மட்டுமா, தடுக்க வருகிறவர்களையும் சேர்த்து அடிக்கிறான். தாலி கட்டும் முன்பே இவ்வளவு. அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

அப்புறம் அந்தக் காளை. நடுரோட்டில் வழிமறித்து நிற்கிறது. இவ்வளவு வீரம் பேசிய ஆண்கள் அத்தனை பேரும் பயந்து தள்ளி நிற்கிறார்கள். ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. வசனமே இல்லாத அந்த இடத்தில் எங்கள் ஹாலில் இருந்த ஒன்பது பேரும் சிரித்துவிட்டோம். முடிவைப் பற்றி நிறையப் பேர் குறைபட்டார்கள், படம் பாதியில் நின்றுவிட்டது என்றார்கள். நிற்கவில்லை. சாமியார் அங்கே இன்னொரு பெண்ணை என்ன செய்கிறார் என்று பாண்டி கண்ணால் பார்க்கிறான், நாம் பாண்டியைப் பார்க்கிறோம். இனி அவன் என்ன செய்யப்போகிறான் என்பதுதான் கேள்வி, அதை நம்மிடம் விட்டுவிட்டுப் போகிறார் இயக்குநர். மெதுவாக நகர்கிறது என்பவர்களுக்கு ஒன்று கேட்க வேண்டும். ஒரு பெண்ணை இப்படிக் கூட்டிப்போகிற வழி அவளுக்கு எவ்வளவு நீளமாக இருந்திருக்கும்?

'மெய்யழகன்' பற்றி எழுதாமல் விட்டால் அம்மா கோபித்துக்கொள்வார். 2024 செப்டம்பர், சி. பிரேம்குமார் படம். வந்த பிறகு நீளம் என்று சொல்லிப் பதினெட்டு நிமிடம் வெட்டினார்கள், நாங்கள் வெட்டுவதற்கு முன்பே முழுசாகப் பார்த்துவிட்டோம். எனக்கு ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகத் தெரியவில்லை என்று சொல்ல முடியாது, இரவுப் பேச்சு சில இடங்களில் பாடம் நடத்துவதுபோல் ஆகிவிடுகிறது. ஆனால் அந்தக் கல்யாண மேடை! தஞ்சாவூர் வீட்டைச் சொத்துத் தகராறில் இழந்து சென்னைக்குப் போன அரவிந்த்சாமி, 22 வருடம் கழித்துத் தங்கையின் கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறார். கொண்டுவந்த நகைகளை அந்தப் பெண் மேடையிலேயே பிரித்து, ஒவ்வொன்றாகப் போட்டுப்போட்டுக் காட்டுகிறாள், அண்ணன் குனிந்து கொலுசு மாட்டிவிடுகிறார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். தோட்டம் கைமாறி வெளியேறிய நாளில் அவருடைய சொந்தமெல்லாம் கிள்ளான், செந்தூல், ரவாங் என்று சிதறிப்போனது. பெயர் மறந்துபோன ஒரு உறவுக்காரன் 'அத்தான், அத்தான்' என்று உயிரை விடுகிறான், அவன் யார் என்று கேட்கவும் கூச்சம், கேட்காமல் இருக்கவும் குற்ற உணர்ச்சி. இந்தச் சங்கடம் நம் வீட்டுக் கல்யாணங்களில் எல்லாருக்கும் வந்திருக்கும். கார்த்தியை இவ்வளவு பிடித்தது எனக்கு இதுதான் முதல் தடவை.

'கூலி'யும் பார்த்தேன், 2025 ஆகஸ்ட் 14, முதல் நாளே. ரஜினி திரைக்கு வந்து ஐம்பது ஆண்டு, போகாமல் இருக்க முடியுமா. அவர் நடந்து வரும்போது கூட நடந்து வருவது நம் சின்ன வயது, அதில் எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. சௌபின் சாகிர் ஆடியதும் மிரட்டியதும் பிரமாதம். சத்யராஜையும் ரஜினியையும் இத்தனை வருடம் கழித்துச் சேர்த்துவிட்டு அந்த நட்பைச் சொல்ல லோகேஷ் கனகராஜ் நேரமே ஒதுக்கவில்லை என்பதுதான் என் மனக்குறை. இரண்டாம் பாதியில் ஆள் மேல் ஆள் வந்து கொண்டே இருக்கிறார்கள், யாருக்காகவும் வருத்தப்பட அவகாசம் இல்லை.

போன வாரம் பள்ளி விடுமுறைக்கு வந்த அக்கா மகனுக்கு 'ஜகாட்' போட்டுக் காட்டினேன். சஞ்சய் குமார் பெருமாள் எடுத்தது, 2015இல் வந்தது, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. தோட்டத்தைவிட்டு வெளியேறிப் புறம்போக்கு வீடுகளில் ஒதுங்கிய நம் ஆட்கள், தொண்ணூறுகளின் தொடக்கம், அப்போய் என்கிற சிறுவன். அப்பா படி படி என்று அடிக்கிறார். ஒரு சித்தப்பா குண்டர் கும்பலில் இருக்கிறார், இன்னொருவர் போதையில் வாழ்க்கையைத் தொலைத்தவர். அக்கா மகன் பதினான்கு வயதுப் பிள்ளை, கைபேசியைக் கீழே வைக்காதவன், பாதிப் படத்தில் கைபேசி சோபாவுக்குள் போய்விட்டது. முடிந்ததும் அம்மாவிடம் போய், "பாட்டி, நீங்க இருந்த கம்பம் எங்க இருக்கு?" என்று கேட்டான். கம்பம் என்றால் இங்கே கிராமம்.

அம்மா அவனைச் சன்னலுக்குக் கூட்டிப்போய் நெடுஞ்சாலையைக் காட்டினார். "அந்த மூணாவது தூண் இருக்குல்ல, அது கீழதான் நம்ம அடுப்படி."