பழைய படகா, வெறும் உடலா, பலகையிலிருந்தா? திருகோணமலையில் சொந்தக் கையால் படகு செய்தால் நாள் எங்கே போகிறது

சொந்தப் படகு வேண்டும், அதையும் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்று நினைப்பவருக்கு இங்கே மூன்று வழிகள் உண்டு. பழைய பைபர் படகை வாங்கித் திருத்தலாம். பிளைவூட்டும், இரண்டு பாகமாகக் கலந்து இறுகவிடும் எபொக்சிப் பிசினும் வாங்கி அடியிலிருந்து கட்டலாம். அல்லது பட்டறையில் அச்சில் வார்த்த வெறும் உடலை வாங்கி, மிச்ச வேலையை வீட்டு முற்றத்தில் முடிக்கலாம். எது மலிவு என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் பார்த்த அளவில், பாதி வேலையோடு தறப்பாளுக்குக் கீழே கிடக்கும் படகுகளை நிறுத்தியது காசைவிட நாள்தான். அதனால் இந்த அலசலில் நாளைத்தான் முதலில் பார்க்கிறேன். எந்த வழியில் வேலை குறைவு என்ற கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும். தொடங்கும் நாளிலேயே எந்த வழியின் வேலை முழுதாகக் கண்ணில் படுகிறது?

அப்படிப் பார்த்தால், மூன்றிலும் சுருக்கமாகத் தோன்றும் பழைய படகுதான் மிகவும் ஏமாற்றக்கூடியது. உடல் இருக்கிறது, இருக்கை இருக்கிறது, வர்ணம் பூசினால் போதும் என்று மனம் கணக்குப் போட்டுவிடும். பிரச்சினை பெரும்பாலும் எஞ்சின் மாட்டும் பின்பலகையில் இருக்கும். வெளியே பைபர், உள்ளே பிளைவூட். எஞ்சின் போல்ட் ஓட்டை வழியாக வருடக்கணக்கில் தண்ணீர் இறங்கி உள்ளே மரம் உக்கிப்போயிருக்கும், வெளித்தோலோ பளபளவென்று நிற்கும். அதைத் திருத்த உள்தோலை வெட்ட வேண்டும், உக்கிய மரத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும், மிச்சத்தை நன்றாகக் காயவிட வேண்டும், பிறகு புதுப் பலகை ஒட்டி, மேலே மாட் என்ற கண்ணாடி இழை விரிப்பும் அதை இறுக்கும் ரெசின் என்ற பிசினும் போட வேண்டும். ஈர மரத்தின் மேல் ரெசின் பிடிக்காது. காய்வதற்கு எத்தனை நாள் என்று எந்த ஓடாவியாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அடுத்தது ஒட்டு. பழைய பைபரோடு புது ரெசின் இரசாயன முறையில் கலந்து ஒன்றாகிவிடாது, சுரண்டிய மேற்பரப்பைப் பற்றிக்கொண்டுதான் நிற்கும். ஆகவே புது மாட் படும் இடமெல்லாம் வர்ணமும், ஜெல்கோட் என்ற பளபளப்பான வெளிப்பூச்சும் போகும்வரை கிரைண்டர் பிடிக்க வேண்டும். முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை என்று கச்சான் வெயிலில் செய்கிற வேலை இது. ஒருவர் ஒரே மூச்சில் செய்யக்கூடியது கொஞ்சம்தான், அதைக் கணக்கில் எழுதியவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. கையில் கிடைக்கும் பழைய படகு எந்தக் காலத்தது என்பதும் முக்கியம். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கரைக்கு வந்த படகுகளில் அவசரமாகச் செய்யப்பட்டவையும் இருந்தன. தரம் குறைந்த படகுகள் பற்றி ஐ.நா. உணவு விவசாய அமைப்பு அப்போதே எச்சரித்தது.

பிளைவூட் வழி இதற்கு நேர் எதிர். மறைந்திருக்கும் உக்கல் எதுவும் இல்லை, எல்லாமே வரைபடத்தில் இருக்கிறது. பலகைகளை வெட்டி, ஓரங்களைச் செப்புக் கம்பியால் தைத்து, மூலைகளில் பைபர் நாடாவும் ரெசினும் வைத்து ஒட்டும் முறையை 1960களின் தொடக்கத்தில் பிரித்தானியாவின் மிரர் என்ற சின்னப் பாய்ப்படகு உலகெங்கும் பரப்பியது. வீட்டில் கட்டுபவருக்கென்றே வடிவமைத்த படகு அது. கம்பியால் தைத்து முடித்த அன்று முற்றத்தில் ஒரு முழுப் படகு நிற்கும். பார்க்க வருகிறவர்கள் எப்போது கடலில் இறக்குகிறீர்கள் என்று கேட்பார்கள். உண்மையில் பெரிய பங்கு வேலை அப்போதுதான் தொடங்குகிறது: மூலை நிரப்புதல், நாடா, மேற்பூச்சு, தேய்ப்பு, மறுபடி பூச்சு, மறுபடி தேய்ப்பு, வர்ணம்.

இதில் கையின் வேலை நேரத்தைக் காத்திருப்பு தின்றுவிடுகிறது. ஒரு பூச்சு பூச இரண்டு மணி நேரம் போதும். அது இறுகி, தேய்க்கக்கூடிய நிலைக்கு வர ஓர் இரவாவது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு கிடைப்பவருக்கு அந்த இரண்டு மணி நேர வேலை ஒரு கிழமையாகிவிடும். சாமானை வெளியே எடுத்து வைப்பதும் திரும்ப அடுக்குவதும் கூட ஒவ்வொரு முறையும் நேரம் கேட்கும். ஈரக்காற்றில் இறுகும் எபொக்சியின் மேல் சிலவேளை மெழுகுபோல் ஒரு படலம் வரும், அதைத் தண்ணீரால் கழுவித் தேய்க்காமல் அடுத்த பூச்சு போட்டால் உரிந்து வரும்.

பொலியெஸ்டர் ரெசினில் கை பழகியவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். அதில் இறுக வைக்கும் ஹார்ட்னரை நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவுக்குள் வெயிலைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். எபொக்சியில் அந்தச் சுதந்திரம் இல்லை. சொன்ன விகிதம் தவறினால் ஒட்டும் பிசினாகவே கிடக்கும், முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியதுதான். எந்த ரெசினானாலும் நம் நண்பகல் வெப்பத்தில் வாளி நிறையக் கலக்கவே கூடாது, பூசுவதற்கு முன்பே சூடேறி இறுகிவிடும். விடியற்காலையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். அதுவும் நாளைக் கூட்டும்.

வெறும் உடல் வழியில் மிகவும் நுணுக்கமான வேலையைப் பட்டறை செய்துவிடுகிறது. உங்களுக்கு மிஞ்சுவது மேல் விளிம்பு, குறுக்கு இருக்கைகள், மிதவை அறை, பின்பலகைப் பலப்படுத்தல், கயிறு கட்டும் கொக்கிகள். இவற்றை ஒரு தாளில் எழுதிவிடலாம், எழுதியதைவிடப் புதிதாக எதுவும் முளைப்பது அரிது. ஆனால் படகில் நேர் மூலை என்று ஒன்றும் கிடையாது. ஒவ்வோர் இருக்கைக்கும் அட்டையில் அளவெடுத்து, வைத்துப் பார்த்து, சீவி, மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று, குறுக்குத் தாங்கிகள் இல்லாத வெறும் உடலைக் கோணலாக வைத்தால் வடிவம் கெடும். கொண்டுவந்த அன்றே சரியான தாங்கிகளில் நேராக நிறுத்திவிட வேண்டும்.

நாள் கணக்கு பிசகுவது நம் ஊர்க் குணம் மட்டும் அல்ல. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே இந்த மனப்போக்குக்கு 'திட்டமிடல் பிழை' (planning fallacy) என்று பெயர் வைத்தார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்பு ஆய்வேட்டை முடிக்க மாணவர்கள் சொன்ன சராசரி சுமார் 34 நாள், உண்மையில் எடுத்தது சுமார் 55 நாள். எல்லாமே பிழைத்துப்போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டபோது சொன்னதுகூட 49 நாளுக்குள்தான். நம் திட்டத்தை மட்டுமே பார்த்துக் கணக்குப் போடுகிறோம், இதே வேலையைச் செய்த மற்றவர்களுக்கு எவ்வளவு ஆனது என்று கேட்பதில்லை. கிண்ணியாவிலோ மூதூரிலோ படகு திருத்துகிற ஒருவரிடம் போய், "எப்படிச் செய்தீர்கள் அண்ணை?" என்பதோடு, "எப்போது தொடங்கி எப்போது இறக்கினீர்கள்?" என்றும் கேளுங்கள்.

சாமான் வராமல் நிற்பதும் பழைய கதை. நம் ஊரின் பெயரைத் தாங்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் ட்ரிங்கோமலியைக் கட்ட 1812இல் உத்தரவானது. அதன் வரைபடங்களை ஏற்றி வந்த ஜாவா என்ற கப்பல் அதே ஆண்டு டிசெம்பரில் அமெரிக்கரிடம் பிடிபட்டது. மறுபடி வரைபடம் அனுப்பி, பம்பாயில் தேக்கில் கட்டி, கப்பல் தண்ணீரைத் தொட்டது 1817 ஒக்டோபரில். இன்று நமக்கு நிற்பது கொழும்பிலிருந்து வர வேண்டிய கடல்தரப் பிளைவூட்டோ 316 ரகத் துருவேறா போல்ட்டோ. ஹாட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரணப் பலகையை வைத்துச் சமாளித்தால் இரண்டாம் வருடமே திருத்த வேலை வரும்.

இவற்றோடு நம் மாரி. வருடத்து மழையில் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டுகிறது. கூரை இல்லாத முற்றத்தில் அந்த மாதங்களில் ரெசின் வேலை நடக்காது. செப்டெம்பரில் முடிய வேண்டியது இரண்டு கிழமை தள்ளினால், முடிவது அடுத்த பெப்ரவரியில். எனவே பெப்ரவரியிலேயே தொடங்குங்கள், படகுக்கு முன் கூரையைப் போடுங்கள். எஞ்சினின் தண்டு நீளம் 15 அங்குலமா 20 அங்குலமா என்பதையும் பின்பலகை உயரத்தைத் தீர்மானிக்கும் முன்பே முடிவுசெய்யுங்கள். மீன்பிடிக்கென்றால் கடற்றொழில் திணைக்களப் பதிவு பற்றி வேலை தொடங்கும்போதே விசாரித்துவிடுங்கள்.

என் தெரிவு இதுதான். வேலைக்குப் போய்க்கொண்டு, கொட்டியாரக்குடாவில் மீன்பிடிக்கப் படகு தேடுபவர் வெறும் உடலை வாங்கட்டும். ஒரே கோடையில் முடிக்க அதற்குத்தான் நல்ல வாய்ப்பு. கட்டும் வேலையிலேயே ஆசை உள்ளவர் 12 அடிக்கு மேற்படாத பிளைவூட் படகில் தொடங்கலாம், உட்துறைமுகத்தின் அமைதியான தண்ணீருக்கு அது போதும். பழைய படகை நான் கடைசியில்தான் வைப்பேன். அதையே வாங்குவது என்றால், சுத்தியல் பிடியால் பின்பலகை முழுக்கத் தட்டிப் பாருங்கள், மந்தமான சத்தம் வரும் இடத்தைக் குறியுங்கள். உட்பக்கமாக அங்கே ஒரு சின்னத் துளை போட்டு, வரும் மரத்தூள் காய்ந்திருக்கிறதா, கறுத்து ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். துளை போட விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அந்தப் படகை விட்டுவிடுங்கள்.