பயறு உளுக்காமல் காக்குமா பிக்ஸ் பை?

வெளியே பார்த்தால் சாதாரண பிளாஸ்டிக் சாக்கு. உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பாலித்தீன் உறைகள், ஒவ்வொன்றும் சுமார் 80 மைக்ரான் தடிமன். பிக்ஸ் பை என்பது இவ்வளவுதான். மருந்து எதுவும் கிடையாது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்து லாரி மர்டாக்கின் குழு 1980களின் இறுதியில் கேமரூனின் தட்டைப்பயறு விவசாயிகளுக்காக இதை உருவாக்கியது. 2007க்குப் பிறகு நைஜர், நைஜீரியா, புர்கினா ஃபாசோ என மேற்கு ஆப்பிரிக்காவில் பரவலானது. அங்கே தட்டைப்பயறைத் துளைக்கும் பயறு வண்டு நம் பாசிப்பயறையும் விடுவதில்லை.

வண்டு வயலிலேயே காயின் மேல் முட்டையிட்டுவிடும். களத்தில் சுத்தமாகத் தெரியும் பயறு 1 மாதத்தில் ஓட்டை ஓட்டையாவது இதனால்தான். ஒரு பெண் வண்டு 100 முட்டை வரை இடும். அடுத்த தலைமுறை வர 3, 4 வாரம் போதும். காற்றுப் புகாத பையில் வண்டும் புழுவும் மூச்சு விட்டே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை. தின்ற உணவு ஆக்சிஜனோடு சேர்ந்து எரியும்போது உண்டாகும் நீரே அதற்கு ஆதாரம். ஆக்சிஜன் குறைந்தால் தின்பதை நிறுத்தும், பிறகு உடல் வற்றிச் சாகும்.

பையின் வேலையில் பெரிய குறை இல்லை. கோளாறெல்லாம் அதை நிரப்பும் கையில்தான். முதல் தவறு ஈரம். பை தானியத்தை உலர்த்தாது. ஈரத்தோடு போட்டால் அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சாணம் பிடித்துச் சிக்கு வாடை வந்துவிடும். மக்காச்சோளம், நிலக்கடலையில் இது அஃப்ளடாக்சின் நஞ்சுவரை போகும். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட நஞ்சை எந்தப் பையும் நீக்காது. நெல் 14 சதவீத ஈரத்துக்குள், விதை நெல் 12க்குள், பயறு அதற்கும் சற்றுக் கீழே இருப்பது நல்லது.

ஈரமானி இல்லாதவர்களுக்கு உப்புச் சோதனை உண்டு. நன்றாக உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியமும் வறுத்து ஆறவைத்த உப்பு 2, 3 ஸ்பூனும் போட்டுக் குலுக்கி, கால் மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். உப்பு பாட்டிலின் உட்புறத்தில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஆனால் ஒட்டாவிட்டால் 15க்குக் கீழே என்று மட்டும்தான் பொருள். 14.5 சதவீதப் பயறும் இதில் தேறிவிடும். விதைக்கு வைப்பவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஓர் ஈரமானி வாங்கிக்கொள்வதே சரி.

வெயிலில் காய்ந்த சூட்டோடும் கட்டக் கூடாது. பை குளிரும்போது உள்ளே வியர்க்கும். நிழலில் ஆறவிட்டு அன்றைக்கே நிரப்ப வேண்டும். நிரப்பும் முன் இரண்டு உறைகளையும் ஊதி அமுக்கிக் காற்றுக் கசிகிறதா என்று பார்க்கவும். கல், குச்சி, முள் இருந்தால் உறை கிழியும் என்பதால் புடைத்துச் சலித்த தானியம்தான் போக வேண்டும். முதலில் கொஞ்சம் போட்டு மூலைகளை நன்றாகத் தள்ளிவிட்டு, பிறகு தட்டித் தட்டி நிரப்பி, கட்டுவதற்கு ஒரு முழம்போல வாயைக் காலியாக விடவும். காற்றை அமுக்கி வெளியேற்றி, உள் உறையின் கழுத்தை முறுக்கிக் கட்டி, மடித்து மறுபடி கட்ட வேண்டும். அடுத்த உறைக்கும் அப்படியே, கடைசியில் வெளிச்சாக்கு. மூன்றையும் ஒன்றாகப் பிடித்து ஒரே கயிற்றால் கட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அப்படிக் கட்டினால் இரண்டு உறை இருந்தும் பயனில்லை.

எலிக்கு இது தடையே இல்லை. மரச்சட்டத்தின் மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்க வேண்டும். நெல்லைத் துளைக்கும் சில வண்டுகள் உறையையும் துளைக்கக்கூடியவை. ஏற்கெனவே அவை மலிந்த தானியத்தை இதில் போடுவது வீண்.

தினமும் அள்ளும் அரிசிக்கு 50 கிலோ பை ஒத்துவராது. திறக்கிற ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் உள்ளே போகும். முதல் 1, 2 மாதமாவது கட்டை அவிழ்க்காமல் இருக்க முடிந்தால் மட்டும் வாங்கலாம். வீட்டுச் செலவுக்கு, விளிம்புவரை நிரப்பி இறுக மூடிய பெட் பாட்டில்களே அதே வேலையைச் செய்யும், கிட்டத்தட்டச் செலவில்லாமல்.

அறுவடைக்கும் சில்லறைக் கடைக்கும் நடுவே உலக உணவில் 14 சதவீதம் தொலைகிறது என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2019இல் மதிப்பிட்டது. சேமிப்பில் போகும் பங்கை மிச்சப்படுத்த ஆப்பிரிக்கச் சந்தைகளில் 2, 3 டாலர் விலைக்குக் கிடைக்கும் பை மலிவுதான். பூச்சியைக் கொல்ல நச்சு வாயு விடும் அலுமினியம் பாஸ்பைட் மாத்திரையை வீட்டுக்குள் வைக்கும் உயிராபத்தும் இதில் இல்லை. பயறு, விதை சேமிப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். கவனமாகக் கையாண்டால் 2, 3 பருவம் உழைக்கும். ஒவ்வொரு பருவத்திலும் உறைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓட்டை விழுந்ததை மாற்றிவிட வேண்டும்.