அளந்த மரக்காலைக் காட்டாத கணக்கு: அரசு செலவில் நடந்த ஒரு கருத்துக் கணிப்பின் மதிப்புரை

தை மாதக் கடைசியில், மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில் சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு நாள் முற்பகல் பதினொரு மணிக்கு, கையில் டேப்லெட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஓர் இளம்பெண் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். அரசுத் துறை ஒன்று தன் திட்டங்களைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய விரும்புவதாகவும், அந்தப் பணியை ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்திருப்பதாகவும், இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும் என்றும் சொன்னார். அந்தத் துறையின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் வரிப்பணத்தில் எங்களிடமே நடத்தப்பட்ட இந்தச் சேவை எப்படி இருந்தது என்று, அதைப் பெற்றுக்கொண்டவன் என்ற முறையில் பதிவு செய்வதே என் நோக்கம். மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதாலும், மூன்று ஏக்கரில் இன்னமும் சாகுபடி செய்கிறவன் என்பதாலும், கேள்வி கேட்பவரின் பக்கமும் பதில் சொல்பவரின் பக்கமும் எனக்கு ஓரளவு தெரியும்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். வந்த பெண் தம் பெயரைச் சொல்லி, விருப்பமில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றும் தெரிவித்துவிட்டுத்தான் தொடங்கினார். ஒவ்வொரு கேள்வியையும் நிதானமாக வாசித்தார். புரியவில்லை என்றால் மறுபடியும் வாசித்தார். தம் சொந்தக் கருத்து எதையும் இடையில் நுழைக்கவில்லை. வெயிலில் வீடு வீடாக நடந்து, ஒரு நேர்காணலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் அவருடைய வேலையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் கையில் கொடுத்து அனுப்பப்பட்ட வினாத்தாளில்தான் குறை இருந்தது.

ஒன்பதாவது கேள்வி நெல் கொள்முதலைப் பற்றியது. "இந்தப் பருவத்தில் நெல் கொள்முதல் ஏற்பாடுகள் உங்களுக்கு எந்த அளவுக்கு நிறைவளித்தன?" என்பது கேள்வி. மிகவும் நிறைவு, நிறைவு, ஓரளவு நிறைவு, கருத்து இல்லை என்று நான்கு விடைகள் இருந்தன. அந்த வாரம்தான் நான் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவதற்காகப் பகலில் பிரித்துக் கிளறி, இரவில் மறுபடியும் மூடி, முறை வருவதற்காகக் காத்திருந்தேன். நிறைவில்லை என்று சொன்னேன். அந்தப் பெண் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டி, "ஐயா, அதுக்கு இதுல இடம் இல்லைங்க. ஓரளவு நிறைவுன்னு போடட்டுமா, கருத்து இல்லைன்னு போடட்டுமா?" என்று கேட்டார். எனக்குக் கருத்து இருந்தது. அதை வைக்கத்தான் இடமில்லை. நான்கு விடைகளில் மூன்று பாராட்டாகவும் நான்காவது மௌனமாகவும் இருக்குமானால், நூறு பேரைக் கேட்டாலும் ஒரு லட்சம் பேரைக் கேட்டாலும் அதிலிருந்து ஒரு குறைகூட வெளியே வராது.

அடுத்த வீட்டுப் பெரியம்மாவிடம் அவர் கேட்டபோதும் நான் பக்கத்தில் இருந்தேன். கேள்விகளைத் தொடங்குவதற்கு முன்பே பெயர், கைபேசி எண், குடும்ப அட்டை விவரம், நிலத்தின் அளவு எல்லாம் அதே டேப்லெட்டில் பதிவாகிவிட்டன. அதன் பிறகு அரசுத் திட்டங்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டால், முதியோர் உதவித்தொகையை நம்பி வாழும் ஒரு பெண்மணி என்ன சொல்வார்? "எல்லாம் நல்லா இருக்குன்னே எழுதிக்கம்மா. வர்றத நாமளே ஏன் கெடுத்துக்கணும்?" என்றார் பெரியம்மா. அவருடைய அந்தப் பதிலும் கணக்கில் 'மிகவும் நிறைவு' என்றே ஏறியிருக்கும். பதில் சொல்பவரின் அடையாளம் பதிலிலிருந்து பிரித்து வைக்கப்படும் என்றோ, திட்டப் பயனுக்கும் இந்தப் பதிலுக்கும் தொடர்பு கிடையாது என்றோ ஒரு வரி எழுதி வாசிக்கச் சொல்லியிருந்தால் அந்த அச்சம் பாதியாவது குறைந்திருக்கும்.

யாரைக் கேட்டார்கள் என்பது அடுத்த கேள்வி. அறுவடைக் காலத்தில் முற்பகல் பதினொரு மணிக்கு ஊரில் இருப்பவர்கள் யார் என்பது டெல்டாவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். இயந்திரம் எட்டாத வரப்போரத்தை அரிவாளால் அறுக்கவும், சாலையில் கொட்டிய நெல்லைக் கிளறிக் காயவைக்கவும், மூட்டை தூக்கவும் போனவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்களும் முதியவர்களும்தான் இருப்போம். எங்கள் தெருவில் பூட்டியிருந்த ஆறு வீடுகளையும் விட்டுவிட்டு அவர் அடுத்தடுத்த வீடுகளுக்குப் போனார். பாமணி ஆற்றிலிருந்து பிரிந்து வரும் வாய்க்காலின் மதகைத் தாண்டினால் காலனித் தெரு இருக்கிறது. நிலமில்லாத விவசாயத் தொழிலாளர்களும் குத்தகைதாரர்களும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள். மதியம் ஒரு மணிக்குள் ஊருக்குக் கொடுத்த எண்ணிக்கை முடிந்துவிட்டதால் அவர் மதகைத் தாண்டவே இல்லை.

இதற்குச் சரியான முறை நம் நாட்டிலேயே நடைமுறையில் இருக்கிறது. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 2019 முதல் 2021 வரை, 6,36,699 குடும்பங்களை நேர்காணல் செய்தார்கள். தேர்வான ஒவ்வொரு பகுதியிலும் முதலில் எல்லா வீடுகளையும் பட்டியலிட்டு, அந்தப் பட்டியலிலிருந்து 22 வீடுகளைக் கணக்குப்படி தேர்ந்தெடுத்தார்கள். வீடு பூட்டியிருந்தால் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டுமே தவிர, பக்கத்து வீட்டை அதற்கு ஈடாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. எத்தனை வீடுகள் பதில் தந்தன, எத்தனை தரவில்லை என்பதை அறிக்கையிலேயே அச்சிட்டார்கள். முழு வினாத்தாளும் பின்னிணைப்பில் இருக்கிறது. அந்த ஆய்வின் முடிவுகளோடு உடன்படாதவர்கள் உண்டு. ஆனால் எதன்மேல் உடன்படவில்லை என்று விரலை வைத்துக் காட்ட அவர்களால் முடிகிறது.

எங்கள் ஊரில் நடந்த கணிப்பின் முடிவு சில மாதங்கள் கழித்துச் செய்திக்குறிப்பாக வந்தது. பெரும்பாலான மக்கள் நிறைவுடன் இருப்பதாக ஒரு விழுக்காட்டு எண்ணும், மாவட்டங்களை வரிசைப்படுத்திய ஒரு பட்டியலும் அதில் இருந்தன. எத்தனை பேரைக் கேட்டார்கள், எந்தத் தேதிகளில் கேட்டார்கள், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், கேள்வி என்ன, விடைகள் என்ன என்ற எதுவும் இல்லை. இந்த இடத்தில் கணித ஆசிரியனாகச் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. முறையாகச் சமவாய்ப்பு அடிப்படையில் ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்துக் கேட்டால்கூட, கிடைக்கும் விடை ஏறத்தாழ 3 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடவோ குறையவோ இருக்கலாம். 400 பேர் என்றால் அந்தத் தடுமாற்றம் 5 புள்ளிகள். 100 பேர் என்றால் 10 புள்ளிகள். ஒரு பேச்சுக்கு மாநிலம் முழுவதும் 3,800 பேரைக் கேட்டிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 38 மாவட்டங்களுக்கும் பங்கிட்டால் மாவட்டத்துக்கு 100 பேர்தான் வரும். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு தஞ்சாவூர் திருவாரூரை முந்தியது, நாகப்பட்டினம் பின்தங்கியது என்று சொல்வதற்கு, இடைவெளி மிகப் பெரிதாக இருந்தாலொழிய, எந்தப் பொருளும் இல்லை. உண்மையில் எத்தனை பேரைக் கேட்டார்கள் என்று சொல்லியிருந்தால் இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்த யாரும் போட்டுப் பார்த்திருக்க முடியும்.

எண்ணிக்கை பெரிதாக இருந்துவிட்டால் மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. ஒன்றிய அரசு 2020ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட எளிதான வாழ்க்கைக் குறியீட்டில், 111 நகரங்களில் 32.2 லட்சம் பேரிடம் கேட்ட குடிமக்கள் கருத்துக்கு 30 விழுக்காடு மதிப்பு கொடுத்தார்கள். எண்ணிக்கையையும் காலத்தையும் வெளிப்படையாகச் சொன்னது பாராட்டத்தக்கது. ஆனால் அந்தப் பதில்களில் பல, இணைய இணைப்பின் வழியாகத் தாமாக முன்வந்தவர்கள் தந்தவை. தாமாக வருகிறவர்களும் தேர்ந்தெடுத்துத் தேடிப் போய்க் கேட்கப்படுகிறவர்களும் ஒரே மக்கள் அல்லர். முறையையும் சேர்த்துச் சொன்னதால்தான் அந்த வேறுபாட்டை நம்மால் எடைபோட முடிகிறது.

நான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகை அட்டையுடன் மனு அனுப்பினேன். வினாத்தாளின் நகல், தேர்வு முறை, கேட்கப்பட்டவர்களின் எண்ணிக்கை, களப்பணி நடந்த தேதிகள், நிறுவனத்துக்குக் கொடுத்த தொகை, நிறுவனம் துறையிடம் ஒப்படைத்த முழு அறிக்கை ஆகியவற்றைக் கேட்டேன். பதில் சொன்னவர்களின் பெயரையோ எண்ணையோ கேட்கவில்லை. அவை ஒருபோதும் வெளியே வரக் கூடாதவை. முப்பதாவது நாளில் பதில் வந்தது. தொகை பற்றிய கோப்பு பரிசீலனையில் உள்ளது என்றும், வினாத்தாளும் முறையும் நிறுவனத்தின் வணிக இரகசியம் என்பதால் எட்டாம் பிரிவின்படி தர இயலாது என்றும் பொதுத் தகவல் அலுவலர் எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். தெருவில் திண்ணை திண்ணையாக உட்கார்ந்து, கேட்க விரும்பிய எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டப்பட்ட கேள்விகள் எப்படி இரகசியமாகும்? 2005ஆம் ஆண்டுச் சட்டம் 'தகவல்' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே கருத்துகள், செய்திக்குறிப்புகள், அறிக்கைகள், மின்னணு வடிவிலுள்ள தரவுகள் எல்லாம் அடங்கும். வணிக இரகசியத்தைக் காக்கும் அதே உட்பிரிவு, பரந்த பொதுநலன் தேவைப்படுத்தினால் தகவலைத் தரலாம் என்றும் சொல்கிறது. அதற்கும் முன்னால் உள்ள நான்காம் பிரிவு, மக்களைப் பாதிக்கும் முக்கியமான முடிவுகளை அறிவிக்கும்போது அவை தொடர்பான செய்திகள் அனைத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. மக்களின் கருத்து இதுதான் என்று அறிவித்து, அதைக் காட்டி ஒரு திட்டத்தைத் தொடரவோ நிறுத்தவோ செய்தால், அந்தக் கருத்து எப்படித் திரட்டப்பட்டது என்பதைவிடத் தொடர்பான செய்தி வேறென்ன இருக்க முடியும்?

கனடாவில் இதைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்நாட்டு ஒன்றிய அரசு தன் செலவில் ஒப்பந்தம் செய்து நடத்தும் பொதுக் கருத்து ஆய்வின் அறிக்கையை, களப்பணி முடிந்த ஆறு மாதங்களுக்குள் நாட்டின் நூலக ஆவணக் காப்பகத்தில் ஒப்படைத்தாக வேண்டும். அங்கிருந்து யாரும் எடுத்துப் படிக்கலாம். முடிவு அரசுக்குப் பிடித்ததா பிடிக்காததா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லாமல் போகிறது. நம் நாட்டில் அந்த இடம் இருக்கிறது. 2017-18இல் நடந்த தேசிய அளவிலான நுகர்வுச் செலவு ஆய்வு, தரவின் தரத்தில் குறை இருப்பதாகக் காரணம் சொல்லப்பட்டு, 2019 நவம்பரில் வெளியிடப்படாமல் நிறுத்தப்பட்டது. குறை இருக்கலாம். குறையோடு சேர்த்து வெளியிட்டிருந்தால் அது எத்தகைய குறை என்று அறிஞர்கள் பார்த்துச் சொல்லியிருப்பார்கள்.

இது மேல்நாட்டிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அன்று என்பதையும் இந்த மண்ணில் இருந்துகொண்டு நான் சொல்லியாக வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் முதலாம் இராசராசன், தான் கொடுத்தவற்றையும் தன் தமக்கை கொடுத்தவற்றையும் பிறர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான். இன்ன நகை, இவ்வளவு எடை என்பதோடு அந்தக் கல்வெட்டுகள் நின்றுவிடவில்லை. பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுத்ததாக, எடைக்கல்லின் பெயரையும் சேர்த்தே சொல்கின்றன. களத்தில் நெல் அளக்கும்போது எங்கள் தாத்தா காலத்தில் மரக்கால் என்னும் அளவுப் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டி, தலைதட்டி அளப்பதா குவித்து அளப்பதா என்று முதலில் பேசி முடித்துவிட்டுத்தான், ஒன்று என்பதற்குப் பதிலாக 'லாபம்' என்று சொல்லி எண்ணத் தொடங்குவார்கள். எத்தனை கலம் என்ற கணக்கைப் பண்ணையாளும் மிராசுதாரும் ஏற்றுக்கொண்டது அந்த மரக்கால் இருவர் கண்ணிலும் பட்டதால்தான்.

ஆக, இந்தச் சேவையில் களப்பணியாளருக்கு முழு மதிப்பெண்ணும், வினாத்தாளுக்கும் தேர்வு முறைக்கும் தேர்ச்சிக்குக் கீழான மதிப்பெண்ணும், முடிவை வெளியிட்ட விதத்துக்குச் சுழியமும் தருகிறேன். உங்கள் வீட்டுக்கும் இப்படி யாராவது வந்தால் மறுக்காமல் பதில் சொல்லுங்கள்; ஆனால் முதலில் எந்தத் துறைக்காக, எந்த ஒப்பந்தத்தின்கீழ், என் எண் எதற்கு என்று கேளுங்கள், விடைப்பட்டியலைத் திரையில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், உங்கள் விடைக்கு இடமில்லை என்றால் அந்தக் கேள்வியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மேல்முறையீட்டுக்குச் சட்டம் அனுமதிக்கும் 45 நாட்களும் பதிலின்றிக் கடந்துவிட்டதால், மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு அனுப்பியிருக்கிறேன். ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு வருகைப் பதிவேட்டைக் கிராம சபையில் வாசிக்க வழி செய்தது. அதை முன்மாதிரியாகக் காட்டி, அரசு செலவில் எங்கள் ஊரில் நடத்தப்படும் எந்தக் கணிப்பின் வினாத்தாளும் முடிவும் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும் என்று நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தோம். காலனித் தெருவிலிருந்து வந்திருந்த பெண்கள்தான் முதலில் கை தூக்கினார்கள். வினாத்தாள் கிடைத்ததும் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதாக ஊராட்சிச் செயலர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆணையத்திடமிருந்து ஒப்புகை அட்டை வந்துவிட்டது. விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.