மவுண்ட் வெர்னன்: மாளிகையைவிடப் பண்ணைக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்

ஜார்ஜ் வாஷிங்டனின் வீட்டைப் பார்க்க வர்ஜீனியா போகிறவர்கள், மாளிகையை மட்டும் சுற்றிவிட்டுத் திரும்பினால் பார்க்க வேண்டியதில் பாதியை விட்டுவிடுகிறார்கள். அமெரிக்கப் புரட்சிப் போரை வென்ற தளபதி என்பதை மாளிகை சொல்லும். அவர் எப்படி வாழ்ந்தார், யாருடைய உழைப்பில் வாழ்ந்தார் என்பதை வெளியே உள்ள நிலம்தான் சொல்லும்.

மவுண்ட் வெர்னன் என்ற பெயரே இன்னொரு போர்வீரருடையது. மூத்த தாரத்து அண்ணன் லாரன்ஸ், 1741இல் தென் அமெரிக்காவின் கார்த்தஹேனா மீதான படையெடுப்பில் தனக்கு மேலே இருந்த பிரிட்டிஷ் அட்மிரல் எட்வர்ட் வெர்னனின் பெயரை இந்த நிலத்துக்கு வைத்தார். பிற்பாடு பிரிட்டனையே தோற்கடித்த தம்பி அந்தப் பெயரை மாற்றவே இல்லை.

மாளிகைக்குள் போக நேரம் குறித்த டிக்கெட் தேவை. வளாகச் சீட்டு மட்டும் போதாது. பராமரிப்பு வேலைகள் நடப்பதுண்டு என்பதால், எந்தெந்த அறைகள் திறந்திருக்கின்றன என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். உள்ளே நடுக்கூடத்தில் பாரிஸின் பாஸ்டில் சிறைச் சாவி தொங்குகிறது, வாஷிங்டனோடு போரிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் 1790இல் அனுப்பியது. ஆனால் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், நின்று பார்க்க விடமாட்டார்கள். வெளிச்சுவருக்கு அந்த அவசரம் இல்லை. கல் போலத் தெரிவது பைன் பலகை. ஓரங்களைச் சாய்வாகச் செதுக்கி, கற்கட்டு மாதிரி காட்டி, சாயம் ஈரமாக இருக்கும்போதே மணலை வீசி ஒட்டவைத்திருக்கிறார்கள். பலகை இடுக்கில் நீர் இறங்கினால் மரம் உளுத்துவிடும் என்பதால் இதைப் பேணுவது ஓயாத வேலை. முகப்பின் ஜன்னல்கள் சமச்சீராக இல்லாததையும் கவனியுங்கள்: பழைய வீட்டை இடிக்காமல் உயர்த்தி, நீட்டிக் கட்டியதன் தடம் அது.

ஆற்றோரம் இறங்கினால் பதினாறு பக்கக் களஞ்சியம். அசல் இல்லை, 1990களில் திரும்பக் கட்டியது. இருந்தும் வளாகத்திலேயே சிறந்தது இதுதான். புகையிலை மண்ணை உறிஞ்சிவிட்டதால் 1760களில் வாஷிங்டன் கோதுமைக்கு மாறினார். திறந்தவெளியில் குதிரை மிதித்துப் போரடித்தால் மண்ணும் மழையும் தானியத்தைக் கெடுக்கும், திருட்டும் போகும். அதனால் மேல்தளத்தில் குதிரைகளை வட்டமாக ஓடவிட்டார். பலகைகளுக்கிடையே ஒன்றரை அங்குல இடைவெளி. கோதுமை கீழ்த்தளத்தில் விழ, வைக்கோல் மேலே தங்கிவிடும். நம் ஊர்க் களத்தில் மாடு கட்டிப் போரடித்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை சட்டென்று புரியும்.

அந்தக் குதிரைகளை ஓட்டியவர்கள் அடிமைகள். 1799இல் இங்கே 317 பேர் இருந்தார்கள். 123 பேர் வாஷிங்டனுக்குச் சொந்தம். அவர்களை விடுவிக்க உயில் எழுதினார். மனைவி மார்த்தாவின் முதல் கணவர் குடும்பச் சொத்தாக வந்த 153 பேரை விடுவிக்க அவருக்குச் சட்டப்படி உரிமை இல்லை. செங்கல் குடியிருப்பின் மரப் படுக்கைகளைப் பார்த்துவிட்டு அடிமைகளின் புதைகாட்டுக்கும் நடந்து வாருங்கள். வாஷிங்டன் கல்லறைக்குப் பக்கம்தான், ஆனால் கூட்டம் அந்தக் கல்லறையோடு திரும்பிவிடுகிறது. இதைத் தவிர்ப்பது சரியே இல்லை.

இந்த இடம் பிழைத்ததற்குப் பெண்கள் காரணம். தூண்கள் உளுத்து, கப்பல் பாய்மரங்களை முட்டுக்கொடுத்திருந்த நிலையில், ஆன் பமீலா கன்னிங்ஹாம் 1853இல் தொடங்கிய மகளிர் சங்கம் 2,00,000 டாலர் திரட்டி வாங்கியது. இன்றும் அரசுப் பணமின்றி அச்சங்கமே நடத்துகிறது. டிக்கெட் விலை அதிகமாகத் தோன்றினால் இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மாவு மில்லும் விஸ்கி வடிசாலையும் ஏறத்தாழ மூன்று மைல் தள்ளி இருக்கின்றன, குளிர்காலத்தில் திறப்பதில்லை. 1799இல் ஐந்து செப்புக் கொதிகலன்களில் சுமார் 11,000 காலன் வடித்த இடம் அது. கார் இல்லாதவர்கள் அதை விட்டுவிட்டு, அந்த நேரத்தைக் களஞ்சியத்தில் செலவிடலாம். காலையின் முதல் மாளிகை டிக்கெட்டை எடுத்து, வெயில் ஏறுமுன் ஆற்றோரம் இறங்கிவிடுங்கள். திரும்பி வருவது முழுக்க மேடு.