ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா: மெட்டு ஏறி இறங்கிய கணக்கு

போன தை மாதம் நானும் மச்சானும் ஆளுக்கொரு மலைச் சைக்கிள் கட்டினோம். ஃபிரேம் தனி, ஃபோர்க் தனி, வீல் தனி என்று வாங்கி, எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பூட்டியது. என்னுடையது ஹார்ட்டெயில்: முன்னால் 130 மி.மீ. அமுங்கும் ஃபோர்க், பின்னால் ஒன்றுமில்லை. அவருடையது ஃபுல் சஸ்பென்ஷன், முன்னும் பின்னும் 140. ஓட்டுவது ஒரே தடம். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறி உச்சியிலுள்ள போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். பூப்பாறை, சூரியநெல்லி பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே ஜீப் மட்டுமே போகும் கல்பாதைகள்.

ஏற்றத்தில் என் வண்டி லேசு, மிதிக்கிற பலம் அப்படியே சக்கரத்துக்குப் போகும். இறக்கத்தில் அவர் வண்டிதான் ராஜா. உருளைக்கல் கிடக்கும் சரிவில் அவர் பாட்டுக்கு உருண்டு போவார்; நான் பெடலில் எழுந்து நின்று முழங்காலையே ஸ்பிரிங்காக்கி வரணும். நான் கீழே வந்து சேரும்போது அவர் டீ குடித்து முடித்திருப்பார். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிரேக்கிலும் பேச்சில்லை, இரண்டிலும் ஹைட்ராலிக் டிஸ்க்.

வித்தியாசம் ஆனியில் தெரிந்தது. போடியில் வெயில் காயும்போதே மெட்டுக்கு அந்தப் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும். ஞாயிறு சாயங்காலம் இறங்கி வரும்போது வண்டி முழுக்கச் செம்மண் அப்பியிருக்கும். என் ஃபோர்க்கின் கையேடு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களை, அதாவது அடிக் குழாய்களைக் கழற்றச் சொல்கிறது. வாரம் ஐந்து மணி நேரம் ஓட்டினால் பத்து வாரத்தில் வந்து நிற்கும். அடியில் உள்ள இரண்டு போல்ட்டை இளக்கி, ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்கி, பழைய எண்ணெயைக் கொட்டி, துடைத்துப் புதிது ஊற்றினால் முடிந்தது. முதல் தடவை அரை நாள் ஆனது, இப்போது ஒரு மணி நேரம்.

மச்சானுக்கு இதே வேலை முன்னாலும் உண்டு. அதற்கு மேல் பின்னால் ஒரு குடும்பமே இருக்கிறது. பின்பக்கம் அசையும் மூட்டுகளில் மட்டும் பத்து பேரிங். அவசரத்துக்கு வாட்டர் சர்வீஸ் கடையில் மோட்டார் பைக் கழுவும் பிரஷர் பைப்பால் அடித்தார். சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய், ஆடி பிறக்கும் முன்னே கீச்சுச் சத்தம். தப்பு பாதி அவருடையது, சரி. பேரிங்காவது பரவாயில்லை, 6902 என்று நம்பரைச் சொன்னதும் தேனியில் சாதாரண பேரிங் கடையிலேயே எடுத்துக் கொடுத்தார்கள். நீளமான போல்ட்டும் சாக்கெட்டும் வைத்து இறுக்கி ஏற்றிவிட்டோம். மாட்டிக்கொண்டது பின் ஷாக்கில், அதாவது பின்பக்க அதிர்வுதாங்கியில். காற்று அறையின் ரப்பர் சீல்களை வீட்டில் மாற்றலாம். ஆனால் உள்ளே ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் அழுத்தி அடைத்த நைட்ரஜன். எண்ணெய் கசிய ஆரம்பித்தால் இந்தப் பக்கம் எந்த மெக்கானிக்கும் கை வைக்க மாட்டார். பெங்களூருக்குக் கூரியரில் போன ஷாக் திரும்பி வர ஏழு வாரம். முன் ஃபோர்க் போனால் வேறொன்றை மாட்டி ஓட்டலாம். ஷாக்குக்கு நீளம், ஸ்ட்ரோக் (அமுங்கும் தூரம்) இரண்டும் அந்த ஃபிரேமோடு ஒத்துப்போகணும், கடன் வாங்க முடியாது. அந்த ஏழு வாரமும், “மாப்ள, இந்த ஞாயிறு நீ ரெஸ்ட் எடேன், வண்டியைக் குடு” என்று என் வாசலில்தான் நின்றார்.

மற்றச் சாமான்களையும் நான் இந்தக் கணக்கில்தான், பழுதானால் இங்கேயே சரிசெய்ய முடியுமா என்று பார்த்துத்தான் எடுத்தேன். 12 ஸ்பீடு ஷிமானோ டியோர் கியர் செட்டுக்கு மைக்ரோ ஸ்ப்லைன் என்ற தனி வகை ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) வேண்டும். 11 ஸ்பீடு 11-51 கேசட் (11 முதல் 51 பல் வரையுள்ள பல்சக்கர அடுக்கு) பழைய ஹெச்ஜி வகை ஹப்பிலேயே ஏறும், எனக்கு அதே போதும். பாட்டம் பிராக்கெட் (பெடல் கைகளின் அச்சு சுழலும் இடம்) மரை உள்ளது. அழுத்திச் செருகுவது சத்தம் போட்டால் கழற்றப் பிரத்யேகக் கருவி தேடணும். டயர் டியூப்லெஸ். அடிவாரத்தில் சீமைக்கருவேல முள் அப்படி. ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் போடி வெயிலில் மூன்று மாதத்தில் காய்ந்துவிடுகிறது, அதைப் பார்த்து ஊற்றிக்கொள்ளணும். டியூப் இல்லாததால் பின்னால் 24 பிஎஸ்ஐ வரை இறக்கலாம்; ஹார்ட்டெயிலுக்கு அந்தத் தளர்ந்த டயர்தான் பின் சஸ்பென்ஷன்.

எனக்கு முப்பத்தைந்து வயது. இடுப்பு வலி உள்ளவர்களுக்கு ஹார்ட்டெயிலே போதும் என்று சொல்லத் துணிய மாட்டேன். மச்சான் வண்டியை நான் நாலைந்து தடவைதான் ஓட்டினேன். வறண்ட மாசி, பங்குனியில் அது கொடுத்த சுகத்தை மறுக்கவும் முடியாது. மழையில் ஓட்டாதவர், பெங்களூரிலோ கோயம்புத்தூரிலோ குடியிருப்பவர் தாராளமாக அதையே கட்டலாம்.

இப்போது அவர் வாட்டர் சர்வீஸ் பக்கம் போவதில்லை, வாளியும் பழைய துணியும்தான். என் ஃபிரேமில் பின்னால் 2.6 அங்குல டயருக்கு இடம் இருக்கிறது. இந்த 2.4 தேய்ந்ததும் அதைப் போட்டுப் பார்க்கணும்.